உபுண்டுவும் ஓர் அஞ்சலிக் கட்டுரையும்

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் நிறைவுற்றது. எனது பழைய கணினியோ விண்டோஸ் 11க்குத் தகுதியற்றது. அதனை வீச மனமின்றி, கோப்புகளைப் பிரதியெடுத்துவிட்டு உபுண்டுவை நிறுவினேன்.

இணையம், அச்சுப்பொறி யாவும் உடனே இயங்கின. ஆனால், மறைந்த பத்திரிகை நண்பர் ஒருவருக்கு நான் எழுதிய அஞ்சலியைத் திறந்தபோது திடுக்குற்றேன். அவரது பெயர் இருந்த இடத்தில் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்!

காரணம் எளியது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்டவை கணினிக்கு ஆங்கில எழுத்துக்களே. தமிழ் வெறும் மேற்பூச்சு. அந்த எழுத்துருவை நிறுவியதும் நண்பர் மீண்டார். ஆயினும் அது தற்காலிகத் தீர்வே. இப்போது நாளுக்கொரு கட்டுரையாக யுனிகோட்டுக்கு மாற்றி, பிழை திருத்திச் சேமித்து வருகிறேன்.

பாமினியில் எழுதிக் குவித்த அன்பர்களே, கணினியை மாற்றுமுன் கட்டுரைகளை மாற்றிவிடுங்கள்.