நிழலில் அளந்த வெயில்

சித்திரை பிறந்துவிட்டால் நமது புதுக்கோட்டைச் சீமையில் நலம் விசாரிக்கும் முறையே மாறிவிடுகிறது. 'சௌக்கியமா?' என்று கேட்பார் அரிதாகிவிடுகின்றனர். 'என்னா வெயிலு!' என்பதே வணக்கம். 'ஆமாங்க, போன வருஷத்துக்கு இந்த வருஷம் அதிகம்' என்பதே மறுமொழி. தேநீர்க் கடையிலும், பேருந்து நிலையத்திலும், ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நிற்கும் பத்து நிமிடங்களிலும் இதே பேச்சுத்தான். அரசியல் பேசினால் மனத்தாங்கல் வரும்; குடும்பக் கதை பேசினால் பொறாமை வரும். வெயிலைப் பேசினால் ஒருவருக்கும் நட்டமில்லை. ஆகவே நாமும் ஆண்டுதோறும் தவறாமல் பேசி வந்தோம். அந்தப் பேச்சுக்குப் பொருள் என்னவென்று ஒருநாள் கூட எண்ணிப் பார்த்ததில்லை.

இப்பேச்சுக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. வற்றாத ஆறு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லாத மாவட்டம் நம்முடையது. வெள்ளாறு கோடையில் வெறும் மணலாறு. கண்மாய்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நார்த்தாமலையும் குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் பகலெல்லாம் வாங்கிய வெப்பத்தை இரவில் நிதானமாகத் திருப்பித் தரும். போதாக்குறைக்கு 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயல், நம் மாவட்டத்துத் தென்னையையும் பலாவையும் புளியையும் வேம்பையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போயிற்று. நிழல் என்பது பாட்டன் சேர்த்து வைத்துப் பேரன் அனுபவிக்கும் சொத்து. அச்சொத்து ஒரே விடியலில் நம் கைவிட்டுப் போனது.

2024ஆம் ஆண்டு மே மாதம், கத்திரி தொடங்கிய வாரம். ஆலங்குடியில் நெருங்கிய உறவினர் இல்லத்தில் நிச்சயதார்த்தம். திருச்சியிலிருந்து நாமும் துணைவியாரும் நமது பழைய காரில் புறப்பட்டோம். பந்திக்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்னும் அவசரம். கீரனூரைக் கடந்து நார்த்தாமலைப் பிரிவை நெருங்குகையில் வெப்பம் காட்டும் முள் மேலே ஏறியது. 'இன்னும் கொஞ்ச தூரந்தானே' என்று நாம் அதனைப் பொருட்படுத்தவில்லை. சற்று நேரத்தில் முன்மூடியின் இடுக்கிலிருந்து புகை போல ஆவி கிளம்பிற்று. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினோம். தலைக்கு மேல் வெயில். கண்ணுக்கெட்டிய வரை ஒதுங்க ஒரு மரமில்லை.

அவ்வழியே சென்ற ஒருவர் சொல்லியனுப்ப, அரைக் கல் தொலைவிலிருந்து ஒரு மெக்கானிக் மொபெட்டில் வந்து சேர்ந்தார். நாற்பது வயதிருக்கும். முன்மூடியைத் தூக்கிவிட்டார், ஆனால் எதையும் தொடவில்லை. ஓரமாக நின்று பேசத் தொடங்கினார்.

"என்னா வெயிலு ஐயா! எங்கேருந்து வர்றீங்க? ஏசி போட்டுக்கிட்டே வந்தீங்களா? தண்ணி கடைசியா எப்பப் பாத்தீங்க? என்ன தண்ணி ஊத்துவீங்க, போர்த் தண்ணியா?"

நமக்கு எரிச்சல் மூண்டது. "தம்பி, நேரமாகிறது. மூடியைத் திறந்து தண்ணீரை ஊற்றுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே தம் வலது முன்கையைக் காட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கி வழவழத்திருந்தது. "பதினஞ்சு வயசுல அவசரப்பட்டுத் திறந்தேன் ஐயா. கொஞ்சம் ஆறட்டும்" என்றார்.

பள்ளியில் அறிவியல் கற்பித்த நாம் வெட்கப்பட வேண்டிய இடம் அது. ரேடியேட்டரின் மூடி வெறும் மூடியன்று. உள்ளே அழுத்தத்தைக் காப்பது. அவ்வழுத்தத்தால் நீர் நூறு பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. சூட்டோடு சூடாக மூடியைத் திறந்தால் அழுத்தம் நீங்கி, அத்தனை நீரும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் அடிக்கும். கொதிக்கும் எஞ்சினில் சட்டென்று குளிர்ந்த நீரை ஊற்றினாலோ இரும்பே விரிசல் கண்டுவிடக்கூடும். இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நாம், நடுச்சாலையில் மறந்துபோனோம்.

அவர் கேட்டவையும் வீண்பேச்சல்ல. அத்தனையும் நோய்நாடும் கேள்விகள். உப்பேறிய ஆழ்துளைக் கிணற்று நீரையே நாம் ஆண்டுக்கணக்கில் ஊற்றி வந்ததால் ரேடியேட்டரின் குழல்களில் படிவு கட்டியிருந்தது. வெப்பத்தில் இறுகிப்போன ரப்பர் ஹோஸ் கீழ்ப்புறத்தில் வெடித்து நீர் ஒழுகியிருந்தது. நம் வாயிலிருந்தே இதில் பாதியை அவர் வருவித்துவிட்டார். நண்பகலில் ஒரு கிணற்றடியில் தண்ணீர் கேட்டுத் தொடங்கிய உரையாடல் எங்கே போய் முடிந்தது என்பதை நற்செய்தி படிப்போர் அறிவர். சாதாரணப் பேச்சு என்று நாம் தள்ளுவதில் எத்தனையோ அடங்கியிருக்கிறது.

வண்டி சற்று ஆறியதும் கயிறு கட்டி இழுத்துச் சென்றனர். பட்டறை ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னே பெரியதொரு புளியமரத்தின் அடிக்கட்டை. "இது நின்ன வரைக்கும் எல்லா வேலையும் இதுக்கு அடியிலதான். கஜாவுல போயிருச்சு" என்றார். இருந்த ஒரே நாற்காலியை நமக்கும், கவிழ்த்துப் போட்ட பெட்டி ஒன்றைத் துணைவியாருக்கும் தந்து, மின்விசிறியை எம் பக்கம் திருப்பி வைத்தார். உதவியாளனான இளைஞன், பத்தொன்பது வயதிருக்கலாம், திறந்தவெளியில் நம் வண்டிக்கு அடியில் புகுந்தான்.

பேச்சு மறுபடியும் வெயிலுக்கு வந்தது. மெக்கானிக் சில ஆண்டுகள் கத்தாரில் வேலை பார்த்தவராம். "அங்கே ஜூன் பிறந்தா செப்டம்பர் பாதி வரைக்கும் காலையில பத்து மணிக்கு மேல சாயங்காலம் மூன்றரை வரைக்கும் வெளி வேலைக்கு விடமாட்டாங்க ஐயா. சட்டம்" என்றார். 2021ஆம் ஆண்டு முதல் அங்கு நடைமுறையில் இருக்கும் விதி அது. "இங்க?" என்று கேட்டோம். "இங்க நானே முதலாளி, நானே தொழிலாளி. என்னை யாரு நிறுத்தச் சொல்றது? நிறுத்தினா உங்களை மாதிரி நடுரோட்டுல நிக்கிறவங்க கதி?" என்று சிரித்தார்.

நாளிதழில் வெயில் நாற்பது பாகையைத் தாண்டியதாகச் செய்தி வந்திருந்தது. ஆசிரியப் பழக்கம் நம்மை விடவில்லை. "அந்த அளவு வெயிலில் எடுப்பதல்ல தம்பி. காற்றோட்டமுள்ள, வெள்ளை வண்ணம் பூசிய ஒரு மரப்பெட்டிக்குள் வெப்பமானியை வைத்து, நேர் வெயில் படாமல் நிழலில் அளப்பார்கள். உலகெங்கும் அதுவே முறை" என்று விளக்கினோம்.

அவர் கையில் இருந்த ஹோஸைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "அப்ப எங்க வெயிலை யாரும் அளக்கலீங்களா ஐயா?"

அவர் குறையாகச் சொல்லவில்லை, அறிந்துகொள்ளத்தான் கேட்டார். நமக்கு விடை தெரியவில்லை.

விடை வேறு வழியில் வந்தது. வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த இளைஞன் எழுந்து நின்றான், தள்ளாடினான், கையிலிருந்த ஸ்பேனர் நழுவியது. அடிமரக்கட்டையைப் பிடித்தபடி வாந்தியெடுத்துச் சரிந்து உட்கார்ந்தான். மெக்கானிக் பாய்ந்து சென்று அவனை அணைத்துத் தூக்கி வந்து உள்ளே கிடத்தினார். சட்டையைக் கழற்றி ஈரத்துணியால் உடலைத் துடைத்து விசிறினார். துணைவியார் பயணத்துக்கென்று கொண்டுவந்த நீர்மோரை, பையனுக்கு நினைவு தெளிவாக இருக்கிறதா என்று பேசிப் பார்த்த பின், சிறிது சிறிதாகப் பருகக் கொடுத்தார். யாரோ 108க்குத் தொலைபேசினர்.

அந்த நேரத்தில் நாம் என்ன எண்ணினோம்? மறைப்பதற்கில்லை, எழுதிவிடுகிறோம். 'வண்டி இனி எப்போது ஆகும்?' என்பதே நம் உள்ளத்தில் முதலில் எழுந்தது. பையனின் முகம் இரண்டாவதாகத்தான் தெரிந்தது. வாய் திறந்து கேட்கவில்லை என்பது உண்மை. ஆனால் கேட்காததற்காகப் பெருமை கொள்ள நமக்கு உரிமையில்லை.

ஊர்தி வந்தது. மெக்கானிக் அவனோடு ஏறிக்கொண்டார். "ஐயா, கடையைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்ற ஒரு சொல்லோடு பட்டறையை நம்மிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மின்சாரம் நின்றது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நாமும் துணைவியாரும் அந்தத் தகரத்தின் கீழ் அமர்ந்திருந்தோம். மேலிருந்து வெப்பம் ஒரு கனத்த போர்வை போல் இறங்கிற்று. வெயிலில் கிடந்த ஸ்பேனரை எடுத்து உள்ளே வைக்கலாமென்று தொட்டோம், கை சுட்டது. அதைத்தான் அந்தப் பையன் காலையிலிருந்து பிடித்துக்கொண்டிருந்தான். சைக்கிளில் போன பெரியவர் ஒருவர் நம்மைப் பார்த்து, "என்னா வெயிலு!" என்றார். வழக்கமான மறுமொழி நம் நாவில் எழவில்லை.

மாலை ஐந்து மணியளவில் மெக்கானிக் திரும்பினார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோஸ் ஏற்றியிருந்தனர், பையன் தேறிவிட்டான், வீட்டில் விட்டு வந்திருந்தார். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு நம் வண்டியின் ஹோஸை மாற்றி முடித்தார். காத்திருக்க வைத்ததற்கு மன்னிப்பும் கேட்டார். பொருளுக்கும் கூலிக்கும் மேல் ஒரு ரூபாய் வாங்க மறுத்தார். பையனின் செலவுக்கு என்று வற்புறுத்திய பிறகே, அதுவும் 'அவங்கிட்டக் குடுத்திடறேன்' என்று சொல்லி, பெற்றுக்கொண்டார். நிச்சயதார்த்தம் நாமின்றியே இனிதே நடந்தேறியது.

அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் உயிரிழப்போரின் குடும்பத்துக்கு 4 இலட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு என்றது. நல்ல அறிவிப்பு. எனினும் உயிர் போன பின் கிடைப்பது நிவாரணம். உயிரோடு இருக்கும்போது வேண்டுவது நிழல். அதனை அரசு மட்டும் தர இயலாது. வேலை கொடுப்போரும் வேலை வாங்குவோரும் தரவேண்டும். பழுதான வண்டியை நண்பகலில் கொண்டு நிறுத்தி 'உடனே வேண்டும்' என்று நிற்பவர் நாமல்லவா? 'மாலையில் தந்தால் போதும்' என்று சொல்வதும் ஒருவகை நிழலே.

வாசகர்க்குச் சிறிய பயனுள்ள செய்திகள். கோடைக்கு முன் ரேடியேட்டரையும் ஹோஸையும் பார்த்துவிடுங்கள். போர்த் தண்ணீர் வேண்டாம். கூலன்ட்டும் உப்பு நீக்கிய நீரும் கலந்து ஊற்றுங்கள். முள் ஏறினால் அப்போதே நிறுத்துங்கள். வெயிலில் ஒருவர் மயங்கினால் நிழலுக்குக் கொண்டுபோய் உடலைக் குளிர்வியுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் ஒன்றும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். வண்டிக்குச் சொன்னதே மனிதருக்கும் பொருந்தும்: முள் ஏறும்போதே கவனிக்க வேண்டும்.

2025 மே மாதத்தில் அவ்வழியே மீண்டும் சென்றோம். பட்டறை முன்னே, வண்டி நிறுத்தும் இடத்துக்கு மேலே, நாற்றங்கால்களில் கட்டுவது போன்ற பச்சை நிழல்வலை கட்டியிருந்தது. புளியங்கட்டைக்கு அருகில் முள்வேலிக்குள் இடுப்பளவு உயர்ந்த ஒரு புங்கங்கன்று. இளைஞனைக் காணவில்லை. "திருச்சியில பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போயிட்டான் ஐயா. அங்கே நெழல் இருக்குல்ல" என்றார் மெக்கானிக். அவன் போனதில் அவருக்கு வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது.

'என்னா வெயிலு' என்று தொடங்க வாயெடுத்தோம். நிறுத்திக்கொண்டு, "இப்போது எத்தனை மணி வரைக்கும் வெளியே வேலை செய்கிறீர்கள் தம்பி?" என்று கேட்டோம்.

"பதினோரு மணியோட நிறுத்திடறேன் ஐயா. அப்புறம் நாலு மணிக்குத்தான்" என்றவர், நாற்காலியை வலையின் கீழ் இழுத்துப் போட்டார். "உக்காருங்க. வண்டிக்கு என்ன தண்ணி ஊத்துறீங்க இப்ப?"