எங்கே இருக்கிறீர்கள்?

"உமக்கு என்ன உத்தியோகம்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தையில் விடை சொல்ல என்னால் இயன்றதில்லை. தீயணைப்பவனா என்றால் இல்லை; வைத்தியனா என்றால் அதுவும் இல்லை. மலாக்கா மாநிலத்திலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் காவற்பிரிவில், தொலைபேசியின் முன் அமர்ந்து, ஆபத்தென்று அழைப்பவர் குரலைக் கேட்பதும், கேட்டதை உரியவரிடம் சேர்ப்பிப்பதுமே என் வேலை. 2009-ஆம் ஆண்டு முதல் இதைச் செய்து வருகிறேன்.

"இதிலென்ன பெரிய வித்தை? மணி அடித்தால் எடுப்பதுதானே?" என்று ஒரு கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் கேட்டார். அன்று அவருக்குச் சொல்லாமல் விட்ட பதிலையே இங்கு எழுதுகிறேன்.

நாட்டுக்கெல்லாம் பொதுவாக 999 என்ற எண் இருக்கும்போது, பல்கலைக்கழகத்துக்கென்று தனியே ஓர் ஆள் எதற்கு என்று வாசகர்கள் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். 1935 நவம்பரில், லண்டன் மாநகரில் ஒரு வைத்தியரின் இல்லம் தீப்பற்றி எரிந்தபோது, அடுத்த வீட்டார் உதவி கோரித் தொலைபேசி நிலையத்தை அழைத்தார். மற்ற அழைப்புகளோடு அவருடைய அழைப்பும் வரிசையில் காத்துக் கிடந்தது. தீயில் ஐந்து பெண்கள் மாண்டனர். அதன்மேல் எழுந்த கண்டனத்தின் பயனாகவே 1937-இல் அந்நகரில் 999 என்ற அவசர எண் ஏற்பட்டது. நம் மலேசியாவிலோ நெடுங்காலம் தீயணைப்புக்கு 994 என்றும், பொதுத் தற்காப்புக்கு 991 என்றும் வெவ்வேறு எண்கள் இருந்து, 2007-இல்தான் எல்லா உதவிகளுக்கும் 999 என்ற ஒரே எண் அமைந்தது. ஆயினும், வெளியிலிருந்து வரும் ஆம்புலன்ஸுக்குப் பல்கலைக்கழகத்தின் வாயில் வரைதான் வழி தெரியும். உள்ளே ஒன்றுபோல் நிற்கும் விடுதிகளில் எது எது என்பதும், இரவில் எந்த வாயில் பூட்டியிருக்கும் என்பதும் அதை ஓட்டி வருபவருக்கு எப்படித் தெரியும்? ஆகவே, 999-க்குச் சொல்லுவதோடு நில்லாமல், ரோந்து வண்டியை முன்னே அனுப்பி, வாயிலில் ஒரு காவலரை நிறுத்தி, வண்டியை நோயாளியின் கட்டிலருகே கொண்டு சேர்ப்பது எங்கள் பொறுப்பாகிறது.

நிற்க, என் பாட்டனார் கதையைச் சற்றுச் சொல்லவேண்டும்.

இந்நாட்டின் முதல் ரப்பர்த் தோட்டம் மலாக்காவில் புக்கிட் லிந்தாங் என்னுமிடத்தில் 1896-இல் டான் சே யான் என்ற சீனப் பெருமகனாரால் போடப்பட்டது என்பது வாசகர்கள் அறிந்ததே. அதன் பின்னர் ஜாசினிலும் அலோர் காஜாவிலும் பெருகிய தோட்டங்களில் வந்து குடியேறியவர்கள் நம் மக்கள். என் பாட்டனாரும் ஜாசின் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டினவர். 1958-ஆம் ஆண்டு ஒரு விடியற்காலையில் மரத்தடியில் அவரைப் பாம்பு தீண்டியது. தோட்டத்தில் தொலைபேசி இல்லாமலில்லை. ஆபீசில் ஒன்றும், துரை பங்களாவில் ஒன்றும் இருந்தன. பாட்டி கிராணி வீட்டு வாசலுக்கு ஓடி நின்றார். கிராணி என்ன கேட்டார் தெரியுமா? "யார் நீ? எந்தக் கங்காணியின் ஆள்? இன்று பெரட்டில் பேர் கொடுத்தானா?" இவ்வளவுக்கும் விடை சொல்லி, துரையின் உத்தரவு பெற்று, லாரி புறப்பட்டு மலாக்கா ஆஸ்பத்திரியை அடைவதற்குள் உச்சிப்பொழுதாகிவிட்டது. பாட்டனார் வழியிலேயே இறந்துபோனார். அப்போது என் தகப்பனாருக்கு வயது பத்து. லயத்து மக்கள் அதைத் தலைவிதி என்றார்கள். விதியை நான் கண்டதில்லை. அந்த மூன்று கேள்விகளைத் தகப்பனார் வாயால் பலமுறை கேட்டிருக்கிறேன்.

கிராணியை நான் வெகுகாலம் வெறுத்து வந்தேன். ஆனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் நேர்ந்த ஒரு சம்பவம் அவ்வெறுப்பை என்மீதே திருப்பிவிட்டது.

இரவு இரண்டு மணி. தொலைபேசி ஒலித்தது. ஓர் இளைஞன், தடுமாறிய மலாய் மொழியில், "மூச்சு விட முடியவில்லை, சீக்கிரம் வாருங்கள்" என்றான். என் முன்னிருந்த படிவத்தில் முதற்கட்டம் பெயர். இரண்டாவது கட்டம் மாணவர் பதிவெண். கற்றுக்கொடுத்தபடியே, "யார் பேசுவது? பதிவெண் என்ன?" என்றேன். ஒரு கணம் அமைதி. பிறகு இணைப்பு அறுந்தது. திருப்பி மூன்று முறை அழைத்தேன், எடுப்பாரில்லை. அவனுடைய எண் எனக்குத் தெரியும். அவன் இருக்கும் இடமோ தெரியாது. ரோந்து வண்டியை எந்த விடுதிக்கு அனுப்புவது?

ஆறு நிமிஷங்கள் கழித்து மீண்டும் மணி ஒலித்தது. இம்முறை எனக்குப் படிவம் நினைவுக்கு வரவில்லை. பின்னால் யாரோ தமிழில் அரற்றுவது காதில் விழவே, "தம்பி, எங்கே இருக்கிறீர்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றேன்.

"அண்ணே, தமிழா?" என்று அழுதுகொண்டே இடத்தைச் சொன்னான்.

மூச்சுத் திணறியவன் அவனுடைய ஊர்ப்பிள்ளை. பல்கலைக்கழக மாணவனே அல்லன். வேலை தேடி வந்தவனை இரண்டு நாளைக்கு அறையில் ஒளித்துத் தங்க வைத்திருந்தான். விதிப்படி அது குற்றம். ஆஸ்த்துமா கண்ட நண்பனுக்குப் பதிவெண் ஏது? "பதிவெண் என்ன?" என்று நான் கேட்டதும் பயந்து தொலைபேசியை வைத்துவிட்டான். பிறகு தைலம் தேய்த்துப் பார்த்திருக்கிறான். தோட்டத்திலிருந்த தாயாரை எழுப்பி யோசனை கேட்டிருக்கிறான். அந்த அம்மையார்தான், "வருவது வரட்டும், திரும்பவும் கூப்பிடு" என்று சொன்னவராம். நண்பன் பிழைத்துக்கொண்டான். ஆனால் வண்டி போய்ச் சேர்ந்தபோது அவன் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன என்று காவலர் வந்து சொன்னார். இன்னும் ஓர் ஆறு நிமிஷம் ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ!

அன்று விடியும் வரை என் மனம் ஆறவில்லை. பாட்டி நின்ற வாசலில் அந்தப் பிள்ளை நின்றான்; கிராணியின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். கிராணி பொல்லாதவராகத்தான் இருந்திருக்கவேண்டும் என்பதில்லை. அவருக்கும் ஒரு பேரேடு இருந்திருக்கும். அதில் முதற்கட்டம் பெயராக இருந்திருக்கும். கொடுமை செய்யக் கெட்ட மனம் வேண்டியதில்லை. கேள்விகளின் வரிசை பிசகினாலே போதும்.

மறுநாள் மேலதிகாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லி, படிவத்தில் இடத்தை முதலிலும் பெயரைக் கடைசியிலும் வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை; அடுத்த அச்சில் அப்படியே மாற்றினார். இன்று என் அறையில் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதற்பாடமும் அதுவே: இடம், நடந்தது, நினைவு இருக்கிறதா, மூச்சு இருக்கிறதா. வண்டி புறப்பட்ட பிறகு மற்றவை.

யோசித்துப் பாருங்கள். நம் வாழ்க்கையில் எந்த வாசலுக்குப் போனாலும் முதற்கேள்வி "யார்?" என்பதுதான். எந்த ஊர், என்ன ஜாதி, யார் பிள்ளை என்று விசாரித்த பின்னரே தண்ணீர் தருவதா, திண்ணையோடு நிறுத்துவதா என்று தீர்மானித்த சமூகம் நம்முடையது. அப்படிப்பட்ட நமக்கு, "நீ யாராயிருந்தாலென்ன, எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும் ஓர் ஏற்பாடு கிடைத்திருப்பது சிறிய காரியமா?

ஆகவே தோட்டங்களிலும் நகரங்களிலும் வாழும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். படிக்கப் போகும் பிள்ளையிடம், "ஆபத்து வந்தால் முதலில் எங்களைக் கூப்பிடாதே, அருகில் உதவி செய்யக்கூடியவர்களைக் கூப்பிடு" என்று சொல்லி அனுப்புங்கள். செலவாகுமே, பேர் கெடுமே, விதியை மீறினோமே என்ற பயங்களை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். முதலில் இடத்தைச் சொல்லட்டும். பிறகு எக்காரணத்தாலும் தொலைபேசியை வைக்காதிருக்கட்டும். நினைவும் மூச்சும் நின்றவனின் நடுமார்பை, வண்டி வரும்வரை, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்தும்படி நாங்கள் எண்ணிக்கொண்டே சொல்லுவோம். சில நிமிஷங்கள் இரத்தம் ஓடாவிட்டாலே மூளை கெடத் தொடங்கிவிடும். அங்கிருக்கும் இரண்டு கைகள் செய்யக்கூடியதை, வரப்போகும் வண்டி செய்ய முடியாது.

கல்யாண வீட்டில் கேட்ட உறவினருக்கு இப்பொழுது விடை சொல்லுகிறேன்: மணி அடித்தால் எடுப்பதுதான் என் வேலை. எடுத்ததும் எதை முதலில் கேட்பது என்பதைக் கற்றுக்கொள்ள எங்கள் குடும்பத்துக்கு ஐம்பது ஆண்டுகள் ஆயின.