மழை வந்தா மக்கர் பண்ற பூட்டு

மும்பைல ஜூன் பொறந்தா எங்க வீட்டுக் கதவு மக்கர்தான். போன வாரம் அம்மா உள்ளே, நான் வெளியே. ரெண்டு பக்கமும் பூட்டு திரும்பலை. உள்ளே அம்மா அழ ஆரம்பிச்சாச்சு. சாவிக்காரர் "தோட்னா படேகா சாப்"னு உடைக்கக் கிளம்பினார். நான் விடலை. கைப்பிடியை இறுக்கி இழுத்துப் பிடிச்சுத் திருப்பினேன், திறந்துடுச்சு.

திறந்த கதவுல சாவியைப் போட்டா வெண்ணெயாட்டம் சுத்துது. ஆக, குத்தம் பூட்டுல இல்லை மக்களே! ஈரத்துல மரம் ஊதி, நாக்கு நிலையில இருக்கற ஓட்டைக்கு நேரா விழலை. கீல் திருகை முறுக்கி, தகட்டு ஓட்டையை லேசா அரம் போட்டேன், அவ்ளோதான்.

திறந்த கதவுலயும் இறுகினா பென்சில் கரித்தூள் போடுங்க. தேங்காயெண்ணெய் வேண்டாம், தூசி சேர்ந்து பிசினாயிடும். (திண்டுக்கல்காரன் சொல்றேன், நம்புங்க.) மழையில இழைப்புளியும் போடாதீங்க, மரம் காய்ஞ்சு சுருங்கினதும் இடுக்கு விழுந்துடும்.