ஓர் அறை வேண்டும்

என் தாத்தா காலத்தில் கெடாத் தோட்டங்களில் கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. பகல் கூலி சாயங்காலமே அங்கே போய்ச் சேரும். 1947 வாக்கில் தொண்டர் படை இளைஞர்கள் அந்தக் கடைகளின் முன் மறியல் செய்து போலீசிடம் அடிபட்டார்கள். பிறகு சம்சு என்ற மலிவுச் சாராயம் வந்தது. எஸ்.எம். முகமது இத்ரிஸ் தலைமையில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்து ஆண்டுக்கணக்கில் பேசியது. 1972இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் தொடங்கி, இண்டெல் முதலிய கம்பெனிகள் வந்தபோது, என் அம்மா தோட்டத்தை விட்டுக் கம்பெனி பஸ் ஏறினார். தோட்டத்து லய வீடு போனது. குடி எங்களோடு பிளாட்டுக்கு வந்துவிட்டது.

என் கணவர் கெட்டவர் இல்லை. கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முதலில் சம்பள நாளில் மட்டும், பிறகு வார இறுதியில், கடைசியில் காலையில் எழுந்ததும் கை நடுக்கத்தை நிறுத்துவதற்காகக் குடித்தார். என் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. பிள்ளைகளின் பள்ளி பஸ் காசை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தேன். மாடியில் அவர் காலடி கேட்டதும் மகள் பாடப் புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்துக்கொள்வாள். அந்த வீட்டில் யாரும் சத்தமாகச் சிரித்ததில்லை.

ஒரு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு மாலை போட்டார். ஒரே நாளில் குடியை நிறுத்தினார். எங்களுக்குக் கோவிலே வீட்டுக்கு வந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்று கையால் தட்டிக்கொண்டே இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா, “விரதத்துல ஏதோ குறை, சாமி குத்தம்” என்றார். விடிவதற்குள் வலிப்பு வந்துவிட்டது.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் விளக்கினார். நெடுநாள் குடித்த உடம்பு அதற்கே பழகியிருக்கும்; திடீரென்று நிறுத்தினால் நரம்பு மண்டலம் கட்டுப்பாடு இழக்கும், உயிரே போகலாம். மருந்து கொடுத்து, பி1 வைட்டமின் ஏற்றி, படிப்படியாகத்தான் குடியிலிருந்து விடுவிக்க வேண்டும். இதை எந்தக் கோவில் வாசலிலும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மாலை போடும் எத்தனை ஆண்களுக்கு இந்த ஆபத்து தெரியும்?

வீடு திரும்பும் நாளில் வார்டில் இருந்த தமிழ்த் தாதி என்னைத் தனியே அழைத்தார். “தங்கச்சி, மருந்து உடம்புக்குத்தான். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிக்கணும்னு தோணுமே, அப்ப இவருக்கு ஆள் வேணும். அதே நோயில கிடந்து எழுந்த ஆளா இருக்கணும்.” ஜார்ஜ்டவுனில் நடக்கும் ஒரு கூட்டத்தின் இடத்தை எழுதிக் கொடுத்தார்.

கம்பெனி விடும் நேர நெரிசலில் பாயான் லெப்பாஸிலிருந்து பஸ் பிடித்து, கொம்தாரில் இறங்கி நடந்தோம். தேவாலயத்தின் பின்கட்டில் ஓர் அறை. வட்டமாக நாற்காலிகள், பிளாஸ்கில் தே. குடும்பத்தாரும் உட்காரலாம் என்ற கூட்டம் அது. பெயர்ப் பதிவு இல்லை, கட்டணம் இல்லை. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் குடியைப் பற்றி ஒருவருக்கொருவர் மனம்விட்டுப் பேசியதில் பிறந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அது. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே அதில் சேரத் தகுதி. குடிப்பவரின் குடும்பத்துக்கென்று 1951இல் தொடங்கிய அல்-அனான் இருப்பதும் அங்கேதான் எனக்குத் தெரிந்தது.

மற்றவர்கள் பேசியதை எழுத மாட்டேன். அது அந்த அறைக்குச் சொந்தம். என் கணவர் பேசியதை அவர் சம்மதத்தோடு சொல்கிறேன். முறை வந்ததும் பெயரைச் சொல்லி, “எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது” என்று எழப் பார்த்தார். கூட்டம் நடத்திய பெரியவர் உட்காரச் சொல்லி, “தமிழ்லயே பேசுங்க” என்றார். என் கணவர் பேசினார். சம்சுவால் ஈரல் கெட்டு இறந்த தன் அப்பாவைப் பற்றி, எங்கள் கல்யாண வாழ்க்கையில் ஒருநாளும் சொல்லாததை, அங்கே சொன்னார். கேட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல் தமிழ் தெரியாது. ஒருவரும் தலையைத் திருப்பவில்லை. சீனர் ஒருவர் அவர் தோளில் கை வைத்தார்.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. இரவு ஷிப்டு வந்தால் கூட்டம் தவறும். கூட்டம் தவறிய ஒரு மாதத்தில் மறுபடி குடித்தார். அவர் மனத்தில் உறுதி இல்லை என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேலை முடிந்து களைத்தவன் இத்தனை தூரம் போய், தெரியாத மொழியில் தன் நெஞ்சைத் திறக்க வேண்டும் என்பது பெரிய பாரம். திரும்பப் போனார். இன்று குடிப்பதில்லை.

பாயான் லெப்பாஸ், சுங்கை ஆரா, ரெலாவ் பக்கத்துக் கோவில் நிர்வாகத்தினருக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கும் என் வேண்டுகோள் இதுதான். இரண்டு மூன்று குடிநோயாளிகள் சேர்ந்தாலே ஒரு குழு தொடங்கலாம். உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். வாரத்தில் ஓர் இரவு, பூசை முடிந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்கு ஓர் அறையைத் திறந்து விடுங்கள். தமிழில் பேசட்டும். தைப்பூசத்துக்கு மாலை போட வருகிறவரிடம், குடிப்பவர் என்றால், முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.