தென் கென்சிங்டனில் ஒரு பழந்துணி

இலண்டன் மாநகருக்குச் செல்வோர் அரச மாளிகையையும் தேம்ஸ் நதிப் பாலங்களையும் காண விரைவர். நாமோ விடுமுறையொன்றில் அங்குச் சென்றிருந்தபோது, ஏறத்தாழ ஒரு முழ உயரமே உள்ள பழந்துணியொன்றைக் காணவே ஆவல் கொண்டோம். அதற்குக் காரணம் எம் தங்கை.

அந்நகரில் வாழும் அவள் தன் அயலிலுள்ள தையற் குழுவொன்றிற் சேர்ந்திருந்தாள். உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் பெயர்ப்பட்டியைத் தம் கையாலேயே தைத்து அணிந்து வருதல் அங்கு முறை. அச்சிட்ட அட்டை பெயரை மட்டுமே அறிவிக்கும். தைத்த பட்டியோ கைத்திறனையும் உடன் அறிவிக்குமன்றோ?

தங்கைக்கு இட்டது எம் பாட்டியாரின் பெயர். வைத்தீசுவரன் கோயிலில் எழுந்தருளியிருக்கும் அம்மையின் திருநாமம் அது. பெண்ணையும் ஊசிவேலையையும் ஒருங்கே குறிக்கும் 'தையல்' என்ற சொல்லிலேயே தொடங்குவது. தையற் குழுவுக்கு இதனினும் பொருத்தமான பெயர் உண்டோ? ஆயின் குழுவினர், ஆங்கிலத்தில் எழுதிய அப்பெயரின் முதல் 4 எழுத்துகளை மட்டும் பற்றிக்கொண்டு, "டை" என்றே அவளை அழைத்து வந்தனர். கழுத்திற் கட்டும் பட்டிக்கும் அதுவே பெயர்!

"அண்ணா, 13 எழுத்தையும் யார் வாசிக்கப்போகிறார்கள்? அந்த நான்கையே தைத்துவிடுகிறேன்" என்றாள். அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எமக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டியார் மறைந்தபின் அப்பெயரைத் தாங்கி நிற்பவள் எம் குடும்பத்தில் இவள் ஒருத்தியே.

மறுநாள் இருவரும் தென் கென்சிங்டன் நிலையத்தில் இறங்கி, 1885 இல் திறக்கப்பட்ட நீண்ட சுரங்க நடைபாதை வழியாக விக்டோரியா அல்பேட் நூதனசாலையை அடைந்தோம். 1852 இல் தொடங்கிய இந்நூதனசாலை 1857 இல் இப்பகுதிக்கு வந்து, 1899 இல் இப்பெயரைப் பெற்றது.

ஜேன் பொஸ்டொக் என்னும் பெண் 1598 இல் தைத்த மாதிரித் துணி இந்நூதனசாலைக்கு உரியது. ஆண்டு குறித்த பிரித்தானிய மாதிரித் துணிகளுள் அறியப்பட்டவற்றில் இதுவே மிகப் பழையது. அச்சிட்ட கோலப் புத்தகங்கள் அரிதாயிருந்த காலத்தில், பெண்கள் தாம் கற்ற தையல் வகைகளை மறவாதிருக்க இத்தகைய துணிகளில் தைத்து வைத்தனர். லினன் துணியில் பட்டு நூலும் உலோக இழையும் சிறு முத்துகளும் கொண்டு ஜேன் பூக்கோலங்களையும் விலங்குகளையும் அமைத்திருக்கிறாள். அலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23, செவ்வாய்க்கிழமை பிற்பகல் பிறந்த செய்தியும் அதில் உண்டு.

ஆங்கில எழுத்து வரிசையும் அத்துணியில் உள்ளது. அதில் 'ஜே' இல்லை! அக்காலத்தில் 'ஐ', 'ஜே' இரண்டும் வெவ்வேறு எழுத்துகளாகக் கொள்ளப்படவில்லை. எனினும் ஜேன் தன் பெயரைச் சுருக்கினாளில்லை. இருந்த 'ஐ' எழுத்தைக் கொண்டே முழுப்பெயரையும் தைத்து, ஆண்டையும் பொறித்தாள். தங்கை நெடுநேரம் பேசாது நின்றாள்.

அன்றிரவே கட்டத்தாளும் பென்சிலுமாக அமர்ந்தாள். அங்குலத்துக்கு 14 புள்ளடித் தையல் விழும் துணி. பட்டியின் நீளம் 3½ அங்குலம். ஆக 49 கட்டங்கள். எழுத்துக்கு 5 கட்டமும் இடைவெளிக்கு ஒன்றும் என எண்ணினால், 7 எழுத்துக்கு 41 கட்டம் போதும். இருபுறமும் நான்கு நான்கு மிகும். பதின்மூன்றும் ஒரே வரியில் அடங்கா. ஆயின் 'தையல்' என்பதற்கு ஆங்கிலத்தில் 7 எழுத்து, எஞ்சியவை 6. பெயர் தானாகவே இரண்டு வரிகளாகப் பிரிந்து அமர்ந்தது!

அதன்கீழ்த் தமிழிலும் பெயரைத் தைக்க விரும்பினாள். வளைந்து செல்லும் நம் எழுத்துகள் சதுரப் புள்ளடிக்கு இலகுவில் இணங்கவில்லை, வளைவெல்லாம் படிக்கட்டாயின. இருமுறை தைத்துப் பிரித்தபின், சங்கிலித் தையலை எடுத்தாள். ஊசி சென்ற வழியே வளைவும் வந்தது. பின்புறம் கம்பளித் துணி வைத்துத் தைத்து, ஊக்கும் பொருத்தினாள்.

அடுத்த கூட்டத்தில் மூதாட்டி ஒருவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாராம். மூன்றாம் தடவையில் சரியாக வந்ததாம். ஏனையோர் சிலர் பழைய வழக்கத்தை இன்னும் விடவில்லை. எனினும் பட்டியைக் கண்டதும் தம்மைத் திருத்திக்கொள்கின்றனராம்.

தையல் பயிலும் மாணவியரே, நீங்களும் உங்கள் பெயரை ஒருமுறை முழுமையாகத் தைத்துப் பாருங்கள். கட்டம் கட்டமாக எண்ணித் தைக்கும்போது, அதனை உங்களுக்கு இட்டவர்களின் நினைவும் உடன் வரும்.