தேய்மானம்

அப்பாவின் ஜிப்ஸியில் ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் முன்சக்கரங்கள் அசையத் தொடங்கும். கோத்தகிரிக்கு விடுமுறையில் செல்லும்போதெல்லாம் அண்ணன் தம்பி நாங்கள் இருவரும் அவ்வண்டியை ஓட்டியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் அந்தத் தளர்வைக் கைகளில் உணர்ந்துமிருக்கிறோம். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொள்வதோடு சரி. ஊர் திரும்பியதும் மறந்துவிடுவோம்.

அம்மாவின் தொலைபேசி அழைப்புக்குப் பிறகு அப்படி மறக்க முடியவில்லை. மேட்டுப்பாளையத்தில், மலையேற்றம் தொடங்குமுன் சமதளச் சாலையில், சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியிருக்கிறது. மறுகணமே முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக உதறத் தொடங்கிவிட்டன. அப்பா வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டும்வரை அந்த உதறல் நிற்கவில்லை. “உங்கப்பா கை நடுங்கி நான் பாத்ததே இல்ல. அன்னிக்கு நடுங்குச்சு” என்றாள். அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லை.

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். வண்டியைச் சீர்செய்வது, பிறகு சாவியை வாங்கிக்கொள்வது என்று பேருந்திலேயே பேசி முடிவு செய்திருந்தோம். அப்பாவுக்கு வயது எழுபத்தாறு.

இதே உதறல் முன்பும் வந்திருக்கிறது. ஒரு பட்டறையில் ஸ்டியரிங் டாம்பரை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதிர்வை உறிஞ்சிக்கொள்ளும் குழல் அது. புதிதாகப் போட்டால் சில மாதங்களுக்கு உதறல் அடங்கிக் கிடக்கும். அதற்கான காரணம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

ஜிப்ஸி 1985இல் இந்தியச் சாலைகளுக்கு வந்த வண்டி. முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் பட்டை ஸ்பிரிங். விற்பனை நின்றுபோய் ஆண்டுகள் சில ஆகிவிட்டாலும் கோவையில் உதிரிபாகங்கள் கிடைத்தன. வண்டியை ஜாக்கியில் தூக்கி, அச்சுக்கடியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினோம். சக்கரத்தை மேலும் கீழும் பற்றி அசைத்தபோது ஆடியது. அம்மாவை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொன்னோம், அப்போதும் ஆடியது. ஆகவே குறை சக்கர பேரிங்கில் இல்லை, கிங் பின் பேரிங்கில். பக்கவாட்டில் அசைத்தால் டை ராட் எண்டுகளில் கடகடவென்று சத்தம். ஸ்பிரிங் முனைகளில் ரப்பர் புஷ்கள் வெடித்துக் கிடந்தன. எந்த ஒன்றும் தனியாகப் பெரிய பழுதில்லை. எல்லாம் கூடித்தான் அந்த இரண்டு விரற்கடை.

டை ராட் எண்டு எளிதில் கழன்று வரவில்லை. ஆணியை அடிக்கக் கூடாது, அது அமர்ந்திருக்கும் வளையத்தின் பக்கவாட்டில் அடிக்க வேண்டும் என்பதை அரைநாள் வீணான பிறகு அறிந்தோம். கிங் பின் பேரிங்கைத் துடைத்துப் பார்த்தபோது, உருளைகள் அழுந்திய தடம் அதன் கிண்ணத்தில் வரிவரியாகத் தெரிந்தது. நேராகச் செல்லும் நிலையிலேயே பெரும்பாலும் இருப்பதால் அந்த ஓரிடத்தில் மட்டும் பள்ளம். புதிய புஷ்களின் போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கி, அதன் எடை முழுவதும் ஸ்பிரிங்கில் அமர்ந்த பிறகே இறுக்கினோம். தூக்கிய நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். அப்பா முக்காலியில் அமர்ந்து நான்கு நாட்களும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலைன்மெண்ட் பார்த்துத் திரும்பிய ஐந்தாம் நாள், தோட்டத்து மண்பாதையில் அவரை ஓட்டச் சொன்னோம். வண்டி இடப்பக்கம் பாய்ந்தது. திருத்த முயன்றபோது வலப்பக்கம் பாய்ந்தது. இருபதடி தாண்டி நிறுத்திவிட்டார்.

“டேய், என் பேச்சைக் கேக்க மாட்டேங்குதுடா இது.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சாவியைக் கேட்பதற்கு இதைவிடத் தக்க தருணம் வாய்க்காது. ஆனால் அவர் கைகளைக் கவனித்தபோது வேறொன்று புலப்பட்டது. ஒவ்வொரு திருப்பத்துக்கும் அவை அதே இரண்டு விரற்கடையைக் கூடுதலாகக் கொடுத்தன. கூடவுமில்லை, குறையவுமில்லை. வண்டி ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தேய்ந்ததை அவர் கைகள் அதே அளவில் ஈடுகட்டி வந்திருக்கின்றன. நாங்கள் பழைய வண்டி என்று ஒதுக்கிய குறையை அவர் நாள்தோறும் சுமந்திருக்கிறார், அம்மாவைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு. நாங்கள் முதுமை என்று எண்ணிக்கொண்டு வந்ததில் எவ்வளவு வண்டியுடையது, எவ்வளவு அவருடையது?

மூன்று நாட்கள் அதே மண்பாதையில் மெதுவாக ஓட்டிப் பழகினார். கடைசி நாளில் கைகள் அடங்கிவிட்டன. எங்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிட்டது அவர்தான்.

சாவியை நாங்கள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய நாள் ஒன்று வரத்தான் போகிறது. அன்று குறை வண்டியில் இருந்துவிடக் கூடாது என்பதற்காக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோத்தகிரிக்குச் சென்று சக்கரங்களை அசைத்துப் பார்த்துவிட்டு வருகிறோம்.