பச்சையா இருந்த கிளஸ்டரும் காணாமப் போன எம் டிரைவும்

விஸார்ட்னு பேரு வச்சவரு விவரமான ஆளுதான். மந்திரவாதி! நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். புகை வர்றது மட்டும்தான் பாக்கி. பொட்டி தட்டுற மக்கள்ல பாதிப் பேரு இதை வச்சுத்தான் பொழைப்பை ஓட்டுறோம். இன்னொரு பாதி, அதாவது கமாண்ட் லைன் கோஷ்டி, விஸார்ட் பேரைக் கேட்டாலே மூக்கைச் சுளிக்கும். நான் ரெண்டு கட்சிக்கும் நடுவுல. எனக்கு விஸார்ட் பிடிக்கும். ஆனா அது சொல்றதை அப்படியே நம்ப மாட்டேன். ஏன்னு சொல்றதுக்கு ஒரு பழைய ஆணியைப் பத்திப் பேசணும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்கோங்க.

வெரிடாஸ் கிளஸ்டர் சர்வர்னு ஒரு சாஃப்ட்வேர். நாலு வீடு மாறின குடித்தனம் மாதிரி அதோட கதை. 2005ல வெரிடாஸ் கம்பெனியை சைமான்டெக் வாங்குச்சு. 2015ல அந்த சாஃப்ட்வேருக்கு இன்ஃபோஸ்கேல்னு பேரு வச்சாங்க. 2016ல வெரிடாஸ் மறுபடி தனிக்குடித்தனம். 2024 டிசம்பர்ல கம்பெனியே பிரிஞ்சு, இன்ஃபோஸ்கேல் ஆர்க்டெராங்கற பேர்ல வெளியே வந்துச்சு. நான் சொல்லப்போறது 2009ல, விண்டோஸ் சர்வர் 2003, எஸ்கியூஎல் சர்வர் 2005 காலத்துல நடந்தது. அந்த ரெண்டுக்குமே மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி வருஷக்கணக்காச்சு. ஆனா மேட்டர் இன்னும் பழசாகலை.

கிளஸ்டர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: ஒரு கல்யாண வீடு, ஒரே ஒரு அண்டா, ரெண்டு சமையல் மாஸ்டர். ஒருத்தர் கிண்டுவாரு. இன்னொருத்தர் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுச் சும்மா நிப்பாரு. முதல் ஆளு மயங்கி விழுந்தா ரெண்டாவது ஆளு கரண்டியை வாங்கிக்கணும். பந்தியில உக்காந்திருக்கறவங்களுக்கு இது தெரியவே கூடாது. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிண்டினா சாம்பார் நாசம். அந்த அண்டாதான் ரெண்டு சர்வரும் பொதுவா பார்க்கற டிஸ்க். மாஸ்டர் உசுரோட இருக்காரான்னு பார்க்க ரெண்டு சர்வருக்கும் நடுவுல தனி கேபிள் போட்டு ஹார்ட்பீட் ஓடும். டீஃபால்ட்டா 16 வினாடி சத்தமே வரலைன்னா சந்தேகம், அதுக்கு மேல இன்னும் 5 வினாடி பார்த்துட்டு ஆளு போயிட்டாருன்னு முடிவு கட்டிடும்.

இப்ப சர்வீஸ் குரூப். ஒரு டேட்டாபேஸ் ஓடணும்னா அது மட்டும் போதாது. டிஸ்க் குரூப்பை இந்த சர்வர் தன் கைக்கு எடுத்துக்கணும். அதுல இருக்கற வால்யூமுக்கு டிரைவ் லெட்டர் குடுத்து மவுண்ட் பண்ணணும். இன்னொரு பக்கம் நெட்வொர்க் கார்டு, அது மேல ஒரு ஐபி, அது மேல ஒரு பொதுப் பேரு, அதாவது வர்ச்சுவல் நேம். இது எல்லாம் ரெடியானப்புறம்தான் எஸ்கியூஎல் சர்வர், அதுக்கு மேல அதோட ஏஜென்ட். இந்தச் சங்கிலி முழுசும் சேர்ந்ததுதான் ஒரு சர்வீஸ் குரூப். ஒவ்வொரு கண்ணியும் ஒரு ரிசோர்ஸ். ஏத்தும்போது கீழேயிருந்து மேலே, இறக்கும்போது மேலேயிருந்து கீழே.

இதை எல்லாம் மெயின் டாட் சிஎஃப்ங்கற ஃபைல்ல கையால எழுதலாம். எழுதியிருக்கேன். ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனா ராத்திரி சோறு கிடையாது. அதனாலதான் விஸார்ட். எஸ்கியூஎல்லுக்குன்னே தனியா ஒண்ணு குடுத்திருந்தாங்க. டிஸ்க் குரூப் இம்போர்ட் ஆகி வால்யூம்லாம் மவுண்ட் ஆகியிருக்கற சர்வர்ல உக்காந்துதான் அதை ஓட்டணும். குரூப்புக்குப் பேரு கேக்கும். எந்த சர்வருக்கு முதல் மரியாதைன்னு வரிசை கேக்கும். இருக்கற இன்ஸ்டன்ஸ் எல்லாத்தையும் அதுவே தேடிப் பட்டியல் போடும். வர்ச்சுவல் நேம் கேக்கும், 15 எழுத்துக்குள்ள. (ஒரு டேமேஜர் கம்பெனி முழுப் பேரையும் வைக்கணும்னு அடம் பிடிச்சாரு. நெட்பயாஸ்கிட்ட அவரோட அதிகாரம் செல்லலை.) அப்புறம் ஐபி, சப்நெட் மாஸ்க், எந்தெந்த சர்வர்ல எந்த அடாப்டர். கடைசியா மொத்தச் சங்கிலியையும் மரம் மாதிரி காட்டும். பேரு மாத்தணும்னா அங்கேயே மாத்திக்கலாம். ஃபினிஷ் அடிச்சா பத்துப் பன்னெண்டு ரிசோர்ஸ், அத்தனை டிபென்டன்சி, எல்லாம் தயார். ஐகான் ஒவ்வொண்ணா வெளிச்சமாகறதைப் பார்க்கறது கோலத்துக்கு ஒவ்வொரு கலரா போடறதைப் பார்க்கற மாதிரி ஒரு சுகம்.

நடுவுல ஒரு பக்கம் வரும். டீடெயில் மானிட்டரிங் வேணுமான்னு கேக்கும். அது வேணாம்னாலும் நெக்ஸ்ட் பட்டன் வேலை செய்யும். முக்கால்வாசிப் பேரு அப்படித்தான் தாண்டிப் போவாங்க. இந்தப் பக்கத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒரு ஆஸ்பத்திரி. ஊரு, பேரு வேணாம். ரெண்டு சர்வர், ஒரு ஸ்டோரேஜ், விஸார்ட் வச்சு அழகா அமைச்ச கிளஸ்டர். நான் அமைச்சதில்லை. எங்களுக்கு சப்போர்ட் கான்ட்ராக்ட் வந்து மூணு வாரம்தான் ஆகியிருந்தது. ராத்திரி 2:10க்கு முதல் சர்வரோட மதர்போர்டு மண்டையைப் போட்டுடுச்சு. கிளஸ்டர் சொல்லிவச்ச மாதிரி வேலை பார்த்துச்சு. ரெண்டாவது சர்வர் டிஸ்க் குரூப்பை வாங்கி, ஐபியை ஏத்தி, பேரை ஏத்தி, எஸ்கியூஎல்லையும் கிளப்பிடுச்சு. மூணு நிமிஷம் ஆகலை, எல்லாம் ஆன்லைன்.

2:25க்கு லேப்ல இருந்து போன். ரிசல்ட் ஏறலை, பழைய ரிசல்ட்டும் தெரியலை. 2:40க்கு என்னை எழுப்பினாங்க. டியூட்டியில இருந்த ஆபரேட்டர் தம்பி, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாத பையன்.

"சார், எல்லாம் பச்சையாத்தான் சார் இருக்கு. நான் எதையும் தொடலை சார்."

"தொட்டேன்னு நான் சொல்லலைப்பா. லேப் டேட்டாபேஸ் மட்டும் என்ன நிலைமைன்னு பாரு."

பார்த்தான். மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவுல நாலு டேட்டாபேஸ். பில்லிங் ஓகே. அட்மிஷன் ஓகே. பார்மசி ஓகே. லேப்? ரெகவரி பெண்டிங். எர்ரர் லாக்ல 17204. எம் டிரைவ்ல இருக்கற ஃபைலைத் திறக்க முடியலைன்னு சொல்லுது. "எம் டிரைவ் இருக்கா பாரு"ன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சார்... எம் டிரைவே இல்லை சார்."

அந்தப் பக்கம் என்ன நடந்துக்கிட்டு இருந்துச்சுன்னா, லேப் டெக்னீஷியன்கள் துண்டுச் சீட்டுல ரிசல்ட் எழுதிக்கிட்டு மாடிப்படியில ஓடிக்கிட்டு இருந்தாங்க. ஐசியுவுல ஒருத்தருக்குப் பொட்டாசியம் அளவு ஏறியிருந்துச்சு. சாயங்காலம் எவ்வளவு இருந்துச்சு, இப்ப ஏறுதா இறங்குதான்னு டாக்டருக்குத் தெரியணும். பழைய ரிசல்ட் இருக்கறது எம் டிரைவ்ல. அவரு லேபுக்கு நாலு தடவை போன் பண்ணியிருக்காரு. கடைசியா மெஷின்லயே பதிவாகியிருந்த அளவை ஒருத்தர் தேடிப் படிச்சுச் சொன்னாராம். யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த ஒரு மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கலை.

காரணம் சிம்பிள். அஞ்சாறு மாசம் முன்னாடி லேப் டேட்டாபேஸுக்கு இடம் பத்தாம, யாரோ அதே டிஸ்க் குரூப்புல புதுசா ஒரு வால்யூம் போட்டு, எம்னு லெட்டர் குடுத்து, ஃபைலை அங்க நகர்த்தியிருக்காங்க. முதல் சர்வர்ல பிரமாதமா ஓடிச்சு. சர்வீஸ் குரூப்புல மட்டும் அதைச் சேர்க்கலை. டிஸ்க் குரூப் ரெண்டாவது சர்வருக்கு வந்தப்போ அந்த வால்யூமும் பத்திரமா கூடவேதான் வந்துச்சு. அதை மவுண்ட் பண்ணச் சொல்லி ஒரு ரிசோர்ஸ் இல்லாததால லெட்டர் இல்லாம அநாதையா கிடந்துச்சு. விஸார்ட் மேல தப்பு சொல்ல முடியாது. அது ஓடின அன்னிக்கு எம் டிரைவே கிடையாதே!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. மைக்ரோசாஃப்டோட சொந்தக் கிளஸ்டர்ல எஸ்கியூஎல்லைப் போட்டா, தான் கிளஸ்டர்ல இருக்கோம்னு எஸ்கியூஎல்லுக்கே தெரியும். தன்னோட டிபென்டன்சியில இல்லாத டிஸ்க்ல டேட்டாபேஸ் ஃபைல் வைக்கப் பார்த்தா, முடியாதுன்னு 5184 எர்ரரை மூஞ்சியில வீசும். எரிச்சலா இருக்கும், ஆனா காவல்காரன் குலைக்கற மாதிரி நல்ல எரிச்சல். வெரிடாஸ் முறையில ரெண்டு சர்வர்லயும் எஸ்கியூஎல்லைத் தனி ஆளாத்தான் நிறுவுவோம். தன்னை ஒருத்தர் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைக்கறாருன்னு அதுக்குத் தெரியவே தெரியாது. எந்த டிரைவ்ல கேட்டாலும் ஃபைல் போட்டுக்கும். இது குறையில்லை, முறை அப்படி. ஓரக்கிள், டிபி2ன்னு எல்லாத்தையும் ஒரே மாதிரி தூக்கி வைக்கறதுக்கு அதுதான் வசதி. ஆனா காவல் வேலையை நாமதான் பார்க்கணும்.

சரி, அப்படின்னா எல்லாம் ஏன் பச்சையா இருந்துச்சு? டீடெயில் மானிட்டரிங் போடாததால. சாதாரண மானிட்டர் 60 வினாடிக்கு ஒரு தடவை எஸ்கியூஎல் சர்வீஸ் ஓடுதான்னு மட்டும் எட்டிப் பார்க்கும். ஓடிச்சு. மாஸ்டர் நிக்கறாரான்னு பார்த்துச்சு, நின்னாரு. சாம்பார்ல உப்பு இருக்கான்னு யாரும் ருசி பார்க்கலை.

வேலை என்னமோ பத்து நிமிஷ வேலைதான். வெரிடாஸ் கன்சோல்ல அந்த வால்யூமுக்கு எம்னு லெட்டர் குடுத்து, லேப் டேட்டாபேஸை ஆன்லைனுக்குக் கொண்டு வரச் சொல்லி ஒரு வரி. ரெகவரி முடிஞ்சு 3:20க்கு லேப் திரும்ப வந்துச்சு. மீதி நேரம் பூரா விபிஎன் பாஸ்வேர்டைத் தேடறதுலயே போச்சு. அது வேற கதை, அதை எழுதினா ரத்தக் கொதிப்பு ஏறும்.

காலையில மீட்டிங். பெரியவங்க எல்லாரும் வந்தாச்சு. முதல் கேள்வியே "ராத்திரி டியூட்டியில யாரு?" அடுத்தது, "அந்தப் பையன் எதையாவது நோண்டியிருப்பான்." தம்பி சுவரோட ஒட்டி நின்னுக்கிட்டு இருந்தான். வேலை போயிடும்னு அவன் முடிவே பண்ணிட்டான்னு முகத்துலயே தெரிஞ்சுது. நல்லவேளை, கிளஸ்டர் இன்ஜின் லாக்னு ஒண்ணு இருக்கு. யாரு எந்தக் கமாண்ட் குடுத்தாலும் நேரத்தோட எழுதி வச்சிடும். அதை பிரிண்ட் எடுத்து மேசையில வச்சேன். 2:10லிருந்து லெட்டர் குடுத்த நேரம் வரைக்கும் மனுஷன் குடுத்த கமாண்ட் ஒண்ணுகூட இல்லை. கூடவே பழைய மெயின் டாட் சிஎஃப், அதுல எம் டிரைவ் இல்லாததைக் காட்டினேன். கொஞ்ச நேரம் யாரும் பேசலை. அப்புறம் ஒருத்தர் காபி வந்துச்சான்னு கேட்டாரு :-)

அடுத்த வாரம் மறுபடி அதே விஸார்ட். இந்தத் தடவை புதுக் குரூப் இல்லை, இருக்கறதை மாத்தற ஆப்ஷன். குரூப் எந்த சர்வர்ல ஆன்லைன்ல இருக்கோ அங்கேயிருந்து ஓட்டினா புது வால்யூமைச் சேர்த்துக்கும். எம் டிரைவுக்கு ஒரு ரிசோர்ஸ் வந்துச்சு, எஸ்கியூஎல் அதை நம்பி நிக்கற மாதிரி டிபென்டன்சியும் வந்துச்சு. நெக்ஸ்ட் அடிச்சுத் தாண்டற அந்தப் பக்கத்துல இந்தத் தடவை நின்னோம். நாலு டேட்டாபேஸ்லயும் ஆளுக்கு ஒரு வரி படிச்சுப் பார்க்கற சின்ன ஸ்கிரிப்ட். அது தோத்தா உடனே இன்னொரு சர்வருக்கு ஓடணுமான்னு கேட்டுச்சு. வேணாம்னோம். டிரைவ் காணலைன்னா அங்க போனாலும் காணாதுதான், சும்மா பந்து மாதிரி இங்கேயும் அங்கேயும் தூக்கிப் போட்டுக்கிட்டு இருக்கும். சந்தேகமான நிலைமைன்னு காட்டட்டும், மெயில் வரட்டும், மனுஷன் வந்து பார்க்கட்டும்.

மதர்போர்டு மாத்தினப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், லேப்ல கூட்டம் இல்லாத நேரமா பார்த்து ஸ்விட்ச் பண்ணிப் பார்க்க அனுமதி வாங்கினோம். வாங்கறதுக்குள்ள நாக்குத் தள்ளிடுச்சு. "நல்லா ஓடறதை எதுக்குங்க நிறுத்தணும்?" இந்தக் கேள்வியை உலகத்துல எல்லா டேமேஜரும் கேக்கறாங்க. தம்பியைத்தான் மவுஸைப் பிடிக்கச் சொன்னேன். எஸ்கியூஎல் இறங்குச்சு, டிரைவ் ஒவ்வொண்ணா கழண்டுச்சு, அந்தப் பக்கம் எம் உள்பட எல்லாம் ஏறிச்சு. நாலு டேட்டாபேஸும் சுத்தம். ஆனா ரத்த அணு எண்ணற மெஷினோட இணைச்ச ஒரே ஒரு பிசி மட்டும் கத்த ஆரம்பிச்சுது. போய்ப் பார்த்தா அதோட ஓடிபிசியில வர்ச்சுவல் நேமுக்குப் பதிலா முதல் சர்வரோட சொந்தப் பேரைக் குடுத்து வச்சிருக்காங்க. இத்தனை நாளா அது தெரியவே இல்லை. பேரை மாத்திட்டு, "இன்னொரு தடவை திருப்பு தம்பி"ன்னேன். இந்தத் தடவை அந்த பிசியும் வாயைத் திறக்கலை. கடிகாரத்தைப் பார்த்து அவனே நோட்டுல எழுதினான்: 2 நிமிஷம் 40 வினாடி.